டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ்: பயண நேரம் 10 மணியா, 29 மணியா?

கேள்வி:
வணக்கம். அம்மா ஜனவரியில் டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போய்த் திரும்புகிறார். 12 மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை தவறாமல் போட வேண்டியவர். அதனால் விமானத்தில் எவ்வளவு நேரம் இருப்பார் என்று எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும். தூரம் சுமார் 8,800 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் பத்து மணி நேரத்துக்குள் வருகிறது. டிக்கெட்டில் இருப்பதோ வேறு. போகும்போது திங்கள் மாலை 5 மணிக்குக் கிளம்பி, அதே திங்கள் காலை 10 மணிக்கு இறங்குகிறார்! திரும்பும்போது திங்கள் பகல் 12 மணிக்கு ஏறி, செவ்வாய் மாலை 5 மணிக்கு இறங்குகிறார். கழித்தால் 29 மணி நேரம். நேரடி விமானம்தான். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்:
டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். எல்லாவற்றையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் 17 மணி நேரம் பின்தங்கி இருக்கும். அங்கே திங்கள் காலை 10 என்றால் டோக்கியோவில் செவ்வாய் அதிகாலை 3. ஆகவே போக 10 மணி நேரம். அங்கே திங்கள் பகல் 12 என்பது டோக்கியோவில் செவ்வாய் அதிகாலை 5. ஆகவே திரும்ப 12 மணி நேரம். மார்ச் முதல் நவம்பர் வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள், ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை. அப்போது வித்தியாசம் 16 மணி நேரம்.

கேட்டவர்:
அப்பாடா, 29 போனது! ஆனால் ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு மணி நேரம் கூடுதல்?

இன்னொருவர் பதில்:
காற்றுதான். விமானங்கள் பறக்கும் 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது, குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் அதிகம். 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். சராசரியாக 100 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரைக்கணக்கில் 1,000. எதிரே வந்தால் 800. 8,800ஐ இந்த இரண்டாலும் வகுத்தால் 8.8 மணி, 11 மணி. மேலே ஏறுவது, இறங்குவது, ஓடுபாதை வரை ஊர்ந்து போவது எல்லாம் சேர்த்தால் டிக்கெட் நேரம் வந்துவிடும்.

அப்புறம், திரையில் வழி வடக்கே வளைந்து தெரிந்தால் அம்மா பயப்பட வேண்டாம். உருண்டையான பூமியில் அதுதான் குறுக்குவழி. தட்டையான வரைபடத்தில் நேராகத் தெரியும் கிழக்கு-மேற்குக் கோட்டில் போனால் சுமார் 450 கி.மீ. கூடிவிடும்.

முதலில் பதில் சொன்னவர்:
மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட வேண்டாம். ஒரு கடிகாரத்தை டோக்கியோ நேரத்திலேயே விட்டுவையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அம்மா டோக்கியோவில் காலை 8, இரவு 8 மணிக்குப் போடுகிறார். உங்கள் கணக்குப்படி பார்த்தால், இரண்டு பயணத்திலும் ஏறிய மூன்றாவது மணி நேரத்தில் ஒரு மாத்திரை வருகிறது. ஆனால் அதே கணக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும்போது பகல் 3, அதிகாலை 3 ஆகிவிடுகிறது. அங்கே தங்கும் நாட்களுக்கு நேரத்தை மாற்றலாமா என்று நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன்.