சேர்ந்து வாழும் கொழும்பைப் படங்களில் காட்டுவது எப்படி?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து)

வணக்கம். எங்கள் தெருச் சனசமூக நிலையத்தில், அயலவர்கள் எடுத்த புகைப்படங்களைக் கொண்டு சிறு கண்காட்சி ஒன்றை நடத்தவிருக்கிறோம். பல இனத்தவரும் மதத்தவரும் இந்த நகரத்தில் ஒன்றாக வாழ்வதைக் கொண்டாடுவதே நோக்கம். ஆடிவேல் தேர், வெசாக் பந்தல், பெருநாள் தொழுகை, கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா என ஓராண்டாக எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன. ஆனால் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தபோது மனம் நிறையவில்லை. தனித்தனியே அழகாக இருக்கும் படங்கள், சேர்த்து வைத்தால் சுவர் நாட்காட்டியின் பக்கங்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. நான்கு மதத்தவரையும் கைகோர்த்து நிற்கவைத்து ஒரு படம் எடுத்துவிடலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (கொட்டாஞ்சேனையிலிருந்து)

கைகோர்த்து நிற்கும் படம் வேண்டாம் என்பதே என் கருத்தும். பல ஆண்டுகள் ஸ்டூடியோவில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிற்கவைத்து எடுத்தால் நிற்பதுதான் பதியும்.

சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் கொச்சிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். ஜூன் 13 திருவிழாவன்று கூட்டமும் அலங்காரமும்தான் படத்தில் விழும்; செவ்வாய்க்கிழமையில் ஆட்கள் தெரிவார்கள், அவர்களில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். நெற்றியில் திருநீற்றோடு வந்த ஓர் அம்மாவின் மெழுகுதிரி காற்றில் அணைந்துவிட, பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் பேசாமல் தன் திரியைச் சரித்து நெருப்புக் கொடுத்ததை அங்கே ஒருமுறை கண்டேன். 50 மி.மீ. லென்ஸில் இரண்டு கைகளையும் இரண்டு சுடர்களையும் மட்டும் எடுத்தேன். 2019 ஏப்ரல் 21 அன்று அந்த ஆலயத்தில் குண்டு வெடித்த பிறகு, வீட்டுக்கு வந்தவர்கள் அந்தப் படத்தின் முன் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன்.

விழாவைவிட அதற்கு முந்திய நாட்கள்தான் பெறுமதியானவை. வெசாக் கூடு எனும் காகித விளக்கைக் கட்டும் மாலைகளில், மூங்கில் ஈர்க்கை ஒரு பிள்ளை வளைத்துப் பிடிக்க, அடுத்த வீட்டு அக்கா நூல் சுற்ற, இன்னொருவர் மாப்பசை காய்ச்சிக்கொண்டு வருவார். யார் எந்த மதம் என்று அங்கே பிரித்துச் சொல்ல இயலாது. விளக்கேற்றிய கூட்டை எடுப்பதானால், சூரியன் மறைந்த இருபது நிமிடங்களுக்குள் எடுத்துவிடுங்கள். வானத்தில் நீலம் நிற்கும் அந்த நேரத்தில்தான் கூட்டின் ஒளியும் அருகில் நிற்பவரின் முகமும் சேர்ந்து பதியும். நன்றாக இருட்டிய பின் கூடு வெள்ளையாக எரிந்து, முகம் கறுத்துவிடும். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

மறுமொழி 2 (கொம்பனித்தெருவிலிருந்து)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தயவுசெய்து அனுமதி கேட்டு எடுங்கள். 2019இல், அந்தக் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய வாரங்களில், என் உம்மா மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றதை யாரோ கேட்காமல் படமெடுத்து, எந்தத் தொடர்பும் இல்லாத செய்தியோடு ஓர் இணையத்தளத்தில் போட்டார்கள். மூன்று மாதம் உம்மா சந்தைப் பக்கமே போகவில்லை. கமராவை ஒருவர் தூக்கினால் அவர் இன்றும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். ஒற்றுமையைக் கொண்டாடும் படம், படத்தில் இருப்பவரை அஞ்ச வைக்கக் கூடாது.

முகமே இல்லாமலும் எடுக்கலாம். நோன்பு மாதத்தில் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் கஞ்சி வார்ப்பார்கள். எங்கள் தெருவில் முஸ்லிம்கள், மலாயர், தமிழர், சிங்களவர் என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பாத்திரத்தோடு வந்துவிடுவார்கள். கஞ்சி வரும்வரை பாத்திரங்களை மதிலோரம் வரிசையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள்: நசுங்கிய அலுமினியத் தூக்கு, மூடியில்லாத பிளாஸ்டிக் வாளி, பெயர் பொறித்த எவர்சில்வர் செம்பு. அந்த வரிசையைத் தாழ்ந்து, பாத்திரத்தின் விளிம்பு மட்டத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். உங்கள் கண்காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி 3 (தெமட்டகொடையிலிருந்து)

படக்குறிப்புகளை மூன்று மொழிகளிலும் எழுதுங்கள். பொது இடங்களில் பிழை மலிந்த தமிழைக் கண்டு மனம் நொந்தவர்கள் நாம். நம் கண்காட்சியில் சிங்களத்துக்கு அந்த நிலை வரக்கூடாது. அயலிலுள்ள சிங்களவர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு பிரதியும் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு முழுத் தொகுப்பையும் மறுபடி பார்த்து, பதினொரு படங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். முன்பு ஒதுக்கிய ஒன்றும் அவற்றில் இருக்கிறது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் தேர் வந்த நாளில், காலி வீதியில் தம் கடை வாசலில் பானை வைத்து, வருகிறவர்களுக்குக் குவளையில் தண்ணீர் மொண்டு கொடுக்கும் தொப்பி அணிந்த முதியவர். தேர் ஒரு மூலையில் மங்கலாகத் தெரிகிறது. தேர் தெளிவில்லை என்றுதான் அதைத் தள்ளியிருந்தேன். பிரதி எடுத்தாயிற்று, நாளை காலை அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, வைக்கலாமா என்று கேட்கப்போகிறேன்.