டிராக் சா வாங்குவது தகுமா, இருக்கும் சர்குலர் சாவே போதுமா?

அலமாரிப்பலகை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டிற்கு வேண்டிய அலமாரிகளையும் புத்தக அடுக்குகளையும் ஓய்வு நேரத்தில் நானே செய்து வருகிறேன். பெரும்பாலும் 18 மி.மீ. பிளைவுட்டும் வெனீர் (மெல்லிய மரத்தோல்) ஒட்டிய பலகையும்தான் பயன்படுத்துகிறேன்; எப்போதாவது கட்டை மரமும் உண்டு. என்னிடம் 185 மி.மீ. பிளேடு போடும் சாதாரண சர்குலர் சா (கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பம்) இருக்கிறது. நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைப் பலகையின் மேல் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டியே ரம்பத்தை நகர்த்தி அறுக்கிறேன். அறுப்பு நேராகத்தான் வருகிறது. ஆனால் அடித்தட்டின் விளிம்புக்கும் பிளேடுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒவ்வொரு முறையும் கழித்துத்தான் சட்டத்தை வைக்க வேண்டியிருக்கிறது. வெனீரைக் குறுக்குவாக்கில் அறுக்கும்போது மேல்முகம் பிசிறு பிசிறாகப் பெயர்கிறது.

என் பட்டறை ஒரு சிறிய அறை. டேபிள் சா (மேசையின் மேல் பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் ரம்பம்) வைத்தால், எட்டுக்கு நான்கடி ஷீட்டை அதன் மேல் தள்ளுவதற்கு முன்னும் பின்னும் இடம் இருக்காது. ஆகவே டிராக் சா, அதாவது பலகையின் மேல் வைக்கும் டிராக் என்னும் அலுமினியத் தடத்தில் ஓடும் வட்ட ரம்பம், வாங்கலாமா என்று யோசிக்கிறேன். என் அலுமினியச் சட்டத்தைவிட அது உண்மையாகவே மேலானதா? அதை வாங்கினால் டேபிள் சா இல்லாமலே காலம் தள்ள முடியுமா?

உளிமுனை எழுதியது:

முழு ஷீட்டிலிருந்து வேலையைத் தொடங்குபவருக்கு டிராக் சா தகும் என்பதே என் உறுதியான கருத்து. 18 மி.மீ. பிளைவுட் முழு ஷீட் ஒன்று ஏறத்தாழ 30 கிலோவுக்கு மேல் எடை இருக்கும், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் 40 கிலோவை எட்டும். அந்த எடையைத் தனி ஆளாகப் பிடித்து, வேலியை (பலகையை நேராக நகர்த்த உதவும் பக்கச் சட்டத்தை) விட்டு விலகாமல் டேபிள் சாவின் மேல் தள்ளுவது கடினம் மட்டுமல்ல, ஆபத்தும் கூட. பலகையைத் தரையில் கிடத்திவிட்டு ரம்பத்தை அதன் மேல் ஓட்டுவதுதான் சிறிய அறைக்குப் பொருத்தமான முறை. அடியில் வெப்பக் காப்புக்குப் பயன்படும் கெட்டியான ஃபோம் பலகை ஒன்றை விரித்துக்கொண்டால், அறுபட்ட இரண்டு துண்டுகளும் தொங்காமல் அதன் மேலேயே கிடக்கும். பிளேடும் தரையில் படாது.

நீங்கள் சொன்ன இரண்டு குறைகளுக்கும் டிராக்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டையே விடை. புதிய ரம்பத்தை முதன்முறை ஓட்டும்போது, சற்றே துருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பட்டையின் ஓரத்தைப் பிளேடே சீவி எடுத்துவிடும். அதன் பிறகு பட்டையின் விளிம்புதான் அறுப்புக் கோடு. பென்சில் குறியின் மேல் அந்த விளிம்பை வைத்தால் போதும். எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டியதில்லை. பிளேடின் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி ஏறி வரும் இடத்தில் அதே பட்டை வெனீரின் நார்களை அழுத்திப் பிடித்துக்கொள்வதால், பிசிறு எழுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு டிராக்கின் அடியில் இருக்கும் பக்கத்துக்கு மட்டும்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். வேலைக்கு வேண்டிய துண்டு எப்போதும் டிராக்கின் அடியில் இருக்கட்டும், கழிவு வெளிப்பக்கம் போகட்டும். வெனீர் மிகவும் மெல்லியதாக இருந்தால், முதலில் 2 அல்லது 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு முறை கீறிவிட்டுப் பிறகு முழு ஆழத்துக்கு அறுக்கலாம். மகிடா நிறுவனத்தின் ரம்பத்தில் இதற்கென்றே தனி நிறுத்தம் உண்டு.

டேபிள் சா இல்லாமல் காலம் தள்ள முடியுமா என்ற கேள்விக்கு அவ்வளவு தெளிவாகப் பதில் சொல்ல இயலாது. ஒரே அகலத்தில் பத்து மெல்லிய சட்டங்கள் வேண்டுமென்றால், டேபிள் சாவில் வேலியை ஒரு முறை பூட்டிவிட்டு வரிசையாகத் தள்ளிவிடலாம். டிராக் சாவில் ஒவ்வொன்றுக்கும் தனியாக அளந்து குறிக்க வேண்டும். அதோடு, துண்டு டிராக்கைவிட ஒடுங்கியதாக இருந்தால், டிராக் சாயாதபடி அதே தடிமனில் இன்னொரு பலகையைப் பக்கத்தில் முட்டுக்கொடுக்கவும் வேண்டும். அலமாரியின் இரண்டு பக்கப் பலகைகளுக்கு மட்டும் ஓர் எளிய வழி உண்டு. 55 மி.மீ. வரை அறுக்கும் ரம்பத்தில் டிராக்கின் தடிமன் போக 50 மி.மீ. அளவுக்கு மிஞ்சும். ஆகவே 18 மி.மீ. பலகைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே அறுப்பில் முடித்தால், நீளம் மயிரிழையும் மாறாது.

வேப்பங்கட்டை எழுதியது:

உளிமுனை சொன்னவற்றில் தவறேதும் இல்லை. இருந்தாலும், வாங்குவதற்கு முன் நீங்களே ஒரு வழிகாட்டிப் பலகை செய்து பாருங்கள் என்பதே என் ஆலோசனை. சுமார் 300 மி.மீ. அகலமுள்ள 6 மி.மீ. பிளைவுட்டின் மேல், ஆலையில் அறுத்த நேரான ஓரம் உள்ள ஒரு பட்டையைப் பசை போட்டு ஒட்டுங்கள். பசை காய்ந்ததும் அந்த ஓரத்தை ஒட்டி உங்கள் சர்குலர் சாவை ஒரு முறை ஓட்டினால், வெளியே நீட்டியிருக்கும் பிளைவுட் அறுபட்டுப்போகும். மிஞ்சிய விளிம்புதான் இனி உங்கள் அறுப்புக் கோடு. கழித்தல் கணக்கும் தீர்ந்தது, மேல்முகப் பிசிறும் குறையும். 6 மி.மீ. ஆழம் வீணாகும் என்றாலும், 185 மி.மீ. பிளேடுக்கு 18 மி.மீ. பலகை ஒரு பொருட்டே அல்ல.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வேறு தடிமனுள்ள பிளேடு மாட்டினால் விளிம்பு பொருந்தாது. சாய்வாக அறுக்க வேண்டுமானால் இன்னொரு வழிகாட்டி செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கிளாம்ப் போட்டே ஆக வேண்டும். டிராக் சாவின் அடித்தட்டு டிராக்கின் மேட்டில் இரு பக்கமும் கவ்விக்கொண்டு ஓடுவதால் எந்தப் பக்கமும் விலகாது. இங்கே அப்படியல்ல: கை சற்றுத் தளர்ந்தால் ரம்பம் பட்டையை விட்டு விலகிவிடும். இந்த வழிகாட்டியை வைத்து ஓர் அலமாரியை முழுவதுமாகச் செய்து முடியுங்கள். இன்னும் எது உறுத்துகிறது என்று அப்போது தெரியும். உறுத்தியது பிளேடு மட்டும்தான் என்றால், நிறையப் பற்களுள்ள நல்ல கார்பைடு பிளேடு ஒன்று வாங்கினாலே போதும்.

இழைப்புளி எழுதியது:

இருவரும் மரத்தூளைப் பற்றிப் பேசவில்லை. சிறிய அறையில் வேலை செய்பவர் முதலில் எண்ண வேண்டியது அதைத்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. டிராக் சாவின் பிளேடு முழுவதும் மூடிய உறைக்குள் சுழல்வதால், வேக்குவம் குழாயை மாட்டினால் தூளில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். சாதாரண சர்குலர் சாவில் எவ்வளவு முயன்றாலும் இந்த அளவுக்கு வராது. ஆனால் பலகையின் ஓரத்தை 1 அல்லது 2 மி.மீ. மட்டும் சீவும்போது உறையின் ஒரு பக்கம் திறந்துகிடப்பதால் அங்கே தூள் பறக்கத்தான் செய்யும். எனவே எந்த ரம்பம் வாங்கினாலும் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.

பாதுகாப்பிலும் ஒன்று கவனிக்கத்தக்கது. பலகையின் நடுவில் பிளேடை இறக்கும் அந்த நொடியில்தான் ரம்பம் பின்னால் உதைக்க வாய்ப்பு அதிகம். சிங்க் வைக்கும் திறப்பைப் போன்ற அறுப்புகளில், ரம்பத்தின் பின்னால் டிராக்கில் ஒரு தடையைப் பொருத்திக்கொண்டு, பிளேடு முழு வேகம் எடுத்த பிறகு மெதுவாக இறக்குங்கள்.

அலமாரிப்பலகை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தூளைப் பற்றி நான் எண்ணவே இல்லை. இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. ரம்பத்தோடு பெரும்பாலும் 1400 மி.மீ. டிராக்தான் வருகிறது, ஷீட்டின் நீளமோ 2440 மி.மீ. இரண்டு டிராக்குகளை இணைத்தால் அறுப்பு நேராக வருமா? வேறு நிறுவனத்தின் டிராக்கை வாங்கினால் பொருந்துமா?

உளிமுனை எழுதியது:

இணைப்புக் கம்பிகளை மட்டும் நம்பி இறுக்கினால் நேராக வராது. நேர்த்தியான நீண்ட சட்டம் ஒன்றை இரண்டு டிராக்குகளின் ஓரத்திலும் ஒருசேர அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் திருகுகளை முடுக்க வேண்டும். பிறகு சோதித்துப் பாருங்கள். கூரிய பென்சிலால் பலகையின் மேல் விளிம்பை ஒட்டி முழு நீளத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். டிராக்கைத் தலைமாற்றிக் கோட்டின் மறுபக்கத்தில் வைத்து, அதே கோட்டின் இரு முனைகளிலும் விளிம்பைப் பொருத்துங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தாலோ, விளிம்பு கோட்டைத் தாண்டினாலோ, இணைப்பில் வளைவு இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது உண்மையான வளைவைப் போல் இரு மடங்கு. முழு ஷீட்டை அடிக்கடி நெடுவாக்கில் அறுப்பதாக இருந்தால், வைக்க இடமிருக்கும்வரை 2700 அல்லது 3000 மி.மீ. ஒற்றை டிராக்கே நல்லது.

ஃபெஸ்டூல், மகிடா டிராக்குகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். பாஷும் மாஃபெல்லும் தங்களுக்குள் பொருந்தும்; ஆனால் முந்தைய இரண்டோடு பொருந்தா. டிவால்ட்டின் டிராக் தனி வகை. ஆகவே ரம்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, உங்களுக்கு வேண்டிய நீளத்தில் அந்த வகை டிராக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். வேப்பங்கட்டை சொன்ன வழிகாட்டியை அதற்குள் செய்து பார்ப்பதில் எனக்கும் முழு உடன்பாடு. டிராக் சா வந்த பிறகும் 185 மி.மீ. ரம்பத்தை அதோடு வைத்திருங்கள், 50 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள கட்டை மரத்துக்கு அது வேண்டியிருக்கும்.