கிரிட் வியூ: கட்டமா, அட்டவணையா, வேறொன்றா?

வணக்கம்.

குறிப்புச் செயலியின் தமிழாக்கக் கோப்பில் ‘கிரிட் வியூ’வுக்கு இப்போது ‘கட்டக்காட்சி’ என்று இருக்கிறது. புணர்ச்சியில் பிழையில்லை, மரக்கிளை போலத்தான் கட்டக்காட்சியும். சிக்கல் பொருளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஒரே பெயர் இரண்டு வேறு காட்சிகளைச் சுமக்கிறது. நாமும் அதே சுமையைத் தூக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

லினக்ஸில் வரும் க்னோம் கோப்பு மேலாளரில் கிரிட் என்றால் சின்னங்களைப் பரப்பிக் காட்டுவது. அங்கே ஒரு கட்டம் ஒரு கோப்பு. சாளரத்தை அகலமாக்கினால் கீழ் வரிசையில் இருந்த கட்டம் மேலே ஏறிக்கொள்ளும், எதுவும் கெடாது. ஏர்டேபிள், இன்ஃபோக்யூப் போன்ற தகவல் மேலாண்மைச் செயலிகளிலோ கிரிட் என்றால் ஓர் உருப்படிக்கு ஒரு முழுக் கிடைவரிசை. அதன் தேதி, நிலை, முன்னுரிமை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அங்கே ஒரு கட்டத்தில் இருப்பதைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினால் தகவலே மாறிவிடும்.

கட்டம் என்றதும் தமிழர் மனத்தில் வருவது குறுக்கெழுத்தும் ராசிக் கட்டமும். இரண்டிலும் ஒவ்வொரு கட்டமும் தனி வீடு. ஆகவே சின்னங்களைப் பரப்பும் காட்சிக்கு அந்தச் சொல் கச்சிதம். அதை அங்கேயே விட்டுவிட்டு, தகவல் மேலாண்மைச் செயலிகளுக்கு வேறு சொல் தேடலாம் என்று முன்மொழிகிறேன்.

* * *

> வேறு சொல் தேடலாம்

தேடவே வேண்டாம், ‘அட்டவணைக் காட்சி’ கையிலேயே இருக்கிறதே. விரிதாளைத் திறந்த எவருக்கும் புரியும். அவுட்லுக்கிலும் நோஷனிலும் இதற்கு டேபிள் என்றுதான் பெயர். புழக்கத்தில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாகச் செதுக்குவது நமக்குப் பழகிப்போன நோய்.

* * *

ஐயா, வேறு எந்த மென்பொருளாக இருந்தாலும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். தகவல் மேலாண்மைச் செயலியில் மட்டும் ‘அட்டவணை’ வம்பு. காட்சிப் பட்டியை ஒருமுறை விரித்துப் பாருங்கள்: நாட்காட்டி, வார அட்டவணை, அட்டவணைக் காட்சி. நடுவில் இருப்பது நேரத்தைப் பற்றியது, கடைசியில் இருப்பது புலங்களை, அதாவது தேதி, நிலை போன்ற விவரங்களைப் பற்றியது. பயனர் எதைச் சொடுக்குவார்?

உறுப்புகளின் பெயர்களிலும் இதே நெரிசல்தான். கணிதப் பாடநூலில் அணிகளுக்கு நிரை, நிரல் என்று அழகாக இருக்கிறது. ஆனால் நிரல் என்பது கணினியில் புரோகிராம். போதாக்குறைக்கு அஜெண்டாவுக்கு நிகழ்ச்சி நிரல் என்கிறோம். அதுவும் இதே செயலிக்குள் ஒரு காட்சி. கிடைவரிசைக்கு ‘வரிசை’ என்று வைத்தாலோ ‘வரிசையை வரிசைப்படுத்து’ என்று கட்டளை எழுத வேண்டிவரும். எனவே கிடைக்கு ‘நிரை’, நெடுக்கைக்கு ‘நெடுவரிசை’, இரண்டும் சந்திக்கும் இடத்துக்குக் ‘கலம்’. ஒன்று கணிதத்திலிருந்தும் மற்றவை விரிதாளிலிருந்தும் வந்தவை. ஒரே குடும்பம் இல்லைதான். ஆனால் ஒன்றோடொன்று மோதாது.

* * *

சொல்லுக்குப் போகும் முன் அந்தக் காட்சி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். விரிதாளில் ஒரு நிரையில் எழுதியது அந்த நிரைக்குள் மட்டும்தான் இருக்கும். 1988-இல் வந்த லோட்டஸ் அஜெண்டா காலத்திலிருந்தே இந்த வகை மென்பொருளில் அப்படியில்லை: உருப்படி ஓரிடத்தில் இருக்கிறது, காட்சிகள் அதை எட்டிப் பார்க்கின்றன. ஒரே உருப்படி மூன்று காட்சிகளில் தெரியலாம். ஒரே காட்சியிலேயே இரண்டு முறைகூடத் தெரியலாம்.

கடைசியாகச் சொன்னதில்தான் பலர் விழுகிறார்கள். 40 உருப்படிகளை வகைவாரியாகத் தொகுக்கிறோம். அவற்றில் 12-க்கு இரண்டு வகைகள், மற்றவற்றுக்கு ஒன்று. அவுட்லுக்கில் இப்படித் தொகுத்தால் திரையில் வருவது 52 நிரைகள். இரட்டையாகத் தெரிகிறதே என்று ஒன்றை அழித்தால் இரண்டும் போய்விடும், ஏனென்றால் இருந்ததே ஒன்றுதான். ஆகவே மொழிபெயர்ப்பில் ‘உருப்படி’யையும் ‘நிரை’யையும் எக்காரணத்தாலும் மாற்றிப் போடக் கூடாது. நிலைப்பட்டையில் ‘52 உருப்படிகள்’ என்று வந்தால் அது பொய். ‘52 நிரைகள், 40 உருப்படிகள்’ என்று இரண்டையும் காட்டச் சொல்லி நிரலர்களிடம் கேட்பதும் நம் வேலைதான்.

இதைவிட ஆபத்தானது ‘ரிமூவ்’, ‘டிலீட்’ இரண்டுக்கும் ‘நீக்கு’ என்று போட்டிருப்பது. ஒன்று இந்தக் காட்சியிலிருந்து மட்டும் எடுக்கிறது, மற்றது தரவுத்தளத்திலிருந்தே துடைக்கிறது. வலச்சொடுக்குப் பட்டியில் ‘நீக்கு’ அடுத்தடுத்து இரண்டு முறை நிற்கிறது! முதலாவது ‘காட்சியிலிருந்து எடு’, இரண்டாவது ‘அழி’ என்று இன்றே மாற்றிவிடலாம். இதற்கு விவாதமே தேவையில்லை. அதே கையோடு ‘நெடுவரிசையை அழி’ என்று எங்காவது இருந்தால் ‘நெடுவரிசையை மறை’ ஆக்குங்கள். புலமும் அதில் உள்ள மதிப்புகளும் உள்ளே அப்படியேதான் இருக்கின்றன.

* * *

மேலே சொன்னதோடு மரவமைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈமாக்ஸ் உரைத்திருத்தியின் ஆர்க் மோடில் கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-சி என்று அழுத்தினால் தலைப்புகளின் மேலேயே நெடுவரிசைகள் வந்து படியும். கியூ அழுத்தினால் போய்விடும். அடியில் இருக்கும் மரம் அசைவதில்லை. இன்ஃபோக்யூபிலும் கிரிட்டுக்குள் தாய், சேய் உருப்படிகள் உள்தள்ளி நிற்கும்.

மரம் இருந்தால் வரிசைப்படுத்தலின் பொருளே மாறிவிடுகிறது. தேதிப்படி வரிசைப்படுத்தினால் ஒரே தாயின் சேய்கள்தான் தமக்குள் இடம் மாறும். முழுக் காட்சியும் தேதி வரிசையில் வராது. வேண்டுமானால் முதலில் ‘தட்டையாகக் காட்டு’, பிறகு வரிசைப்படுத்து. வடிகட்டியிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘நிலை: முடியாதது’ என்று வடிகட்டினால், முடிந்துபோன தாயின் கீழுள்ள முடியாத சேய் எங்கே நிற்கும்? நல்ல செயலி தாயையும் மங்கலாகக் காட்டும். அந்த மங்கல் நிரைக்கு ‘துணைநிரை’ என்று பெயரிடலாம். எண்ணிக்கையில் அது சேராது என்பதும் அந்தப் பெயரிலேயே வந்துவிடுகிறது.

சொல் விவாதத்துக்குச் சற்றே வெளியே ஒன்று, ஆனால் தமிழ்க் கிரிட்டில் இதுதான் முதலில் கண்ணில் குத்தும். இத்தகைய செயலிகள் பல எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் மேல் நிற்பவை. அதன் இயல்பு ஒப்பீடு வெறும் பைட் வரிசை. யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து இருக்கிறது. ற, ர-வுக்கு அடுத்து. அதனால் ‘அனல்’ என்பது ‘அமைதி’க்கு முன்னால் வந்து நிற்கும். புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் ‘பகை’க்குப் பிறகுதான் ‘பக்கம்’ வரும். அகராதியில் இரண்டுமே தலைகீழ். மொழிவாரி வரிசை தெரிந்த ஐசியூ நீட்சியை ஏற்றி, தமிழுக்கான ஒப்பீட்டு விதியை அந்த நெடுவரிசைக்குக் கொடுத்தால் சரியாகும்.

தொகுக்கும்போது ‘தொடர்பு’ என்று பார்வைக்கு ஒன்றுபோல இரண்டு குழுக்கள் வந்தால் பேய் பிசாசு இல்லை. ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாக இருக்கும். மற்றதில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கும். உள்ளீட்டின்போதே என்எஃப்சி என்னும் ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். பழைய தரவையும் ஒருமுறை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வடிகட்டியும் பாதியைத்தான் பிடிக்கும்.

* * *

இவ்வளவும் படித்த பிறகு என் முன்மொழிவு: ‘புலநிரை’. புலம் + நிரை. ஓர் உருப்படியின் புலங்கள் ஒரே நிரையில் நிற்கும் காட்சி. பட்டியலிலும் நிரை உண்டு, ஆனால் புலங்கள் பிரிந்து நிற்பதில்லை. அந்த வேறுபாடு பெயரிலேயே இருக்கிறது. கட்டம் போலத் தட்டையான உருவத்தைக் காட்டாததால் மரமாக உள்தள்ளி நின்றாலும் பொருந்தும். ‘புலநிரைக் காட்சி’, ‘புலநிரைக்கு மாறு’, ‘புதிய புலநிரை’ என்று நீட்டவும் இடம் தருகிறது.

‘கட்டவணை’ என்று ஒரு நண்பர் தனிமடலில் அனுப்பியிருந்தார். குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பார்ப்பவர் எல்லாரும் ‘அட்டவணை’யில் எழுத்துப்பிழை என்று வழு அறிக்கை போடுவார்கள்.

* * *

> ‘புலநிரை’

நேற்று வரை யாரும் கேள்விப்படாத சொல். புலம் என்றால் ஐம்புலன் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள், பல்கலைக்கழகத் துறை என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். பொத்தானில் இதை மட்டும் போட்டால் யார் தொடுவார்?

* * *

பொத்தானில் படம் இருக்கும், ஐயா. சுட்டியை வைத்தால் வரும் விளக்கத்தில் ‘ஒவ்வோர் உருப்படியும் ஒரு நிரை, புலங்கள் நெடுவரிசைகளில்’ என்று எழுதிவிடலாம். தவிர, அமைப்புகளில் ‘புலங்கள்’ என்ற பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. புதுப் புலம் சேர்க்க எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். ஐம்புலனைத் தேடி யாரும் அங்கே போகமாட்டார்கள்.

உங்கள் ‘அட்டவணை’யையும் முழுதாகக் கைவிடவில்லை. காட்சியை வேறு கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது மரமும் இணைப்பும் உதிர்ந்து வெறும் நிரைகளும் நெடுவரிசைகளும்தான் மிஞ்சும். அங்கே ‘அட்டவணையாக ஏற்றுமதி செய்’ என்பதே சரி.

* * *

அப்படியானால் ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு: ‘ஃப்ரீஸ் காலம்’ (freeze column) என்பதற்கு ‘நெடுவரிசையை உறையவை’ என்று இருப்பதைத் தூக்குங்கள். குளிர்சாதனப் பெட்டி நினைவுதான் வருகிறது. இடப்பக்க நெடுவரிசை நகராமல் நிற்க வேண்டும், அவ்வளவுதானே? ‘நகராமல் நிறுத்து’ போதும்.

* * *

ஏற்றுவிட்டேன். கோப்பில் மாறியவை: புலநிரைக் காட்சி, நிரை, துணைநிரை, காட்சியிலிருந்து எடு, அழி, தட்டையாகக் காட்டு, நகராமல் நிறுத்து. நெடுவரிசைத் தலைப்புகளின் இயல்பு அகலத்தில் ‘முன்னுரிமை’ இன்னும் ‘முன்னுரி…’ என்று வெட்டுப்படுகிறது. அது சொல்லின் குற்றமில்லை. அகலத்தைத் தலைப்பின் நீளத்துக்கேற்பக் கணக்கிடச் சொல்லித் தனி வழுவாகப் பதிந்திருக்கிறேன்.