ஜிசெல் பாலே டிவிடி: இரண்டாம் அங்கத்தில் இசை பிந்துகிறது

2006-இல் லண்டன் ராயல் ஒபேரா ஹவுஸில் பதிவான ஜிசெல். அலினா கொஜோகாரு ஜிசெல்லாகவும் யோஹான் கோபோர்க் ஆல்பிரெக்டாகவும் ஆடியது. முதல் அங்கம் சுத்தமாக ஓடுகிறது. இரண்டாம் அங்கத்தில் படம் முந்தி, ஒலி பிந்துகிறது.

வெள்ளை உடை விலிகள் (ஆவிப் பெண்கள்) ஒரு காலைப் பின்னால் நீட்டி, மறுகாலில் தத்தித் தத்தி எதிரெதிர் வரிசையாக மேடையைக் கடப்பார்களே, அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. பாதம் தரையில் பட்ட பிறகுதான் தாளம் விழுகிறது. கடைசி ஜோடி நடனத்துக்குள் இன்னும் மோசம். நிறுத்தி, அதே இடத்திலிருந்து மறுபடி போட்டால் சரியாகிறது; கொஞ்ச நேரத்தில் பழைய கதைதான்.

பழைய டிவிடி பிளேயர், எச்டிஎம்ஐ வழியாக எல்இடி டிவி. போன மாதம் டிவி மாற்றியதிலிருந்துதான் இப்படி. டிஸ்கைத் துடைத்தாயிற்று, கேபிள் மாற்றியாயிற்று, சவுண்ட்பாரைக் கழற்றியாயிற்று. பிளேயரின் ஒலியை பிசிஎம்முக்கு (சுருக்காத டிஜிட்டல் ஒலி) மாற்றியும் பலனில்லை. டிவியின் ஒலித் தாமத அளவைத் திருத்தினால் முதல் அங்கம் கெட்டுப்போகிறது. கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் இதே டிஸ்க் கடைசிவரை பிசகாமல் ஓடுகிறது, அதனால் டிஸ்க்மேல் சந்தேகமில்லை. மற்ற டிவிடிகளை இவ்வளவு நேரம் ஓட்டிப் பார்க்கவில்லை.

ஒலி இப்படிப் போகப்போகப் பிந்துவதை பிளேயரிலோ டிவியிலோ எந்த செட்டிங்கை மாற்றி நிறுத்தலாம்?