எஸ்டிபி தண்ணீரில் புல் காய்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சோழிங்கநல்லூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கால் ஏக்கருக்குக் கொரியன் புல் போட்டிருக்கிறோம். லாரித் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்ற மனசு வராமல், தை மாதத்திலிருந்து எஸ்டிபியில் (குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சுத்திகரித்த தண்ணீரைத் தெளிக்கிறோம். முதலில் பச்சைப்பசேல் என்று வந்தது. அந்தத் தண்ணீரிலேயே தழைச்சத்து இருப்பதால் யூரியாவையும் நிறுத்திவிட்டோம்.

சித்திரையில் தொடங்கியது வினை. புல் நுனி பழுத்து, அப்புறம் திட்டுத் திட்டாகக் காய்கிறது. காலையில் குனிந்து பார்த்தால் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. பத்து நிமிடம் தெளித்தால் போதும், தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்கி நிற்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் அளவு 1,900 காட்டுகிறது.

எனக்குச் சந்தேகம் சாஃப்ட்னர் (கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி) மேல்தான். அதைக் கழுவும் உப்புத் தண்ணீரும் எஸ்டிபிக்கே போகிறது. எஸ்டிபி கழிவை மட்கவைக்கும், கரைந்த உப்பை எடுக்காது. சோடியம் சேரச் சேரக் களிமண் இறுகிவிடும் என்கிறார்கள்.

சாஃப்ட்னர் கழிவைத் தனியாகப் பிரித்தவர்கள் இருக்கிறீர்களா? அதை எங்கே விட்டீர்கள்? மண்ணில் சேர்ந்த சோடியத்தை வெளியேற்ற ஜிப்சம் போட்டவர்கள் சதுர மீட்டருக்கு எவ்வளவு போட்டீர்கள், மண் பரிசோதனை செய்த பிறகா? உப்பு தாங்கும் பெர்முடா புல்லுக்கு மாறிவிடலாமா?

இன்னொன்று, மாலையில் குழந்தைகள் அங்கே வெறுங்காலோடு ஓடுகிறார்கள். குளோரின் போட்ட தண்ணீர்தான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. எந்த நேரத்தில் தெளிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.