பளபளத்த தட்டும் இரைச்சலும்

மான்செஸ்டரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையின் ஏழு அங்குல இசைத்தட்டுகள் மீது எனக்குப் பித்துப் பிடித்தது. அருகிலுள்ள விகன் நகரில், 1973 முதல் 1981 வரை ‘விகன் கஸீனோ’ என்ற நடன அரங்கில் விடிய விடிய நடந்த ஆட்டங்களுக்காக, அமெரிக்காவிலேயே விலைபோகாத தட்டுகளைக்கூட இப்பகுதியினர் தேடித் தேடி வரவழைத்தனர், அதனால் இங்குள்ள சந்தைகளில் அவை இன்றும் தட்டுப்படுகின்றன.

அப்படியொரு சந்தையில் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1966இல் வெளியிட்ட தட்டு ஒன்றைக் கண்டேன். அதன் தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் நிறுவனத்துடனான உறவு 1968இல் முறிந்த பிறகு வந்த, விரல் சொடுக்கும் படமுள்ள லேபிள் அல்ல. அதற்கு முந்தைய இளநீல லேபிள். உறையின் மேல் ‘விஜி பிளஸ்’ (‘வெரி குட் பிளஸ்’) என்று தரம் எழுதியிருந்தது. புதியது போலவே இருக்கும் ‘நியர் மின்ட்’ தட்டின் விலையில் ஏறத்தாழப் பாதி பெறும் தரம் அது. கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மயிரிழைக் கீறல்கூட இல்லை. விற்பவர்தான் தரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டார் என்று உள்ளூர மகிழ்ந்து 60 பவுண்டு கொடுத்தேன்.

வீட்டில் ஊசியை வைத்ததும் முதல் சில நொடிகளுக்கு அப்பளம் பொரிவது போன்ற இரைச்சல் எழுந்தது. அது தணிந்த பிறகும், ட்ரம்பெட்டுகள் உச்சத்துக்குப் போன இடங்களிலெல்லாம் ஒலி கரகரத்தது. விளிம்பை நகத்தால் தட்டிப் பார்த்தபோது, தட்டுகளுக்கு வழக்கமான வினைல் பிளாஸ்டிக்குக்குரிய மந்தமான ஓசைக்குப் பதிலாக ‘டிக்’கென்ற கூர்மையான ஓசை கேட்டது. லேபிளும் தட்டோடு சேர்த்து அழுத்தப்படாமல் பின்னர் ஒட்டப்பட்டிருந்தது. லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் ஒரு முக்கோணமும் எண்ணும் கீறப்பட்டிருந்தன. லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் ஆலையில் உருவான தட்டுகளின் அடையாளம் அது. அந்த ஆலை, வினைலை அழுத்துவதற்குப் பதில், ஸ்டைரீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தித் தட்டுகளை வார்த்தது. ஸ்டைரீனில் மேற்பரப்பு பளபளவென்று இருக்கும்போதே, தேய்ந்த ஊசியும் கனமான ஊசிக்கையும் வரித்தடத்தின் சுவர்களை அரித்துவிடும். வானொலி அறிவிப்பாளர்கள் பாட்டின் தொடக்கத்தைப் பிடிப்பதற்காகத் தட்டை முன்னும் பின்னும் சுழற்றுவார்கள் என்பதால், அந்த முதல் நொடிகளுக்குத்தான் சேதம் அதிகம்.

அடுத்த மாதச் சந்தையில் விற்பவரிடம் சொன்னேன். “பார்த்துத்தான் தரம் போட்டேன், போட்டுக் கேட்கவில்லை” என்று அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டு 20 பவுண்டைத் திருப்பித் தந்தார். அந்த விலைக்கு விற்கும் தட்டை ஒருமுறையாவது ஒலிக்கவிட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் விளிம்பைத் தட்டிப் பார்க்காதது என் பிழைதான்.

அதே பாடலின் வினைல் பிரதி ஒன்று பிறகு 15 பவுண்டுக்குக் கிடைத்தது. மேலெல்லாம் கீறல், லேபிளில் யாரோ ஒரு பெண் பேனாவால் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். வெறும் ‘விஜி’ தரம்தான். இடையிடையே ‘டொக்’கென்று வெடித்தாலும் பாடகரின் குரல் நிறைவாக ஒலிக்கிறது. நண்பர்கள் வந்தால் அதைத்தான் போடுகிறேன். 60 பவுண்டு தட்டை எடுத்துக் காட்டுவதோடு சரி.