மசில் பிரேக்கா, சப்ரஸரா? தோள் ஒன்று சொல்கிறது, காது வேறு சொல்கிறது

டெக்சாஸிலிருந்து:

காட்டுப்பன்றி வேட்டைக்காக .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறேன். என்.சி.சி. முகாமில் சின்ன .22 ரைஃபிள் சுட்டு வளர்ந்த தோளுக்கு இதன் உதை வேறு ரகம். குழல் வாயில் மசில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையைக் குறைக்கும் துண்டு) மாட்டிய பிறகு பாதியாகக் குறைந்தது போல இருந்தது.

துப்பாக்கியை உதைப்பது குண்டு மட்டும் இல்லை. குண்டு 11.7 கிராம், நொடிக்கு 900 மீட்டர் வேகம். அதன் பின்னால் நாலரை கிராம் வெடிமருந்து எரிந்து வாயுவாகி, குண்டையும் விஞ்சிய வேகத்தில் குழல் வாயில் பீறிடுகிறது. மொத்த உதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த வாயுவால் வருவதுதான். பிரேக்கின் தடுப்புச் சுவர்களில் மோதி அது பக்கவாட்டில் திரும்பும்போது துப்பாக்கியை முன்னால் இழுக்கிறது. அதனால் மருந்து அதிகமுள்ள தோட்டாவில்தான் பிரேக்குக்கு மரியாதை. .22இல் மாட்டினால் அழகுக்குத்தான்.

பெரிய லாபம் என்னவென்றால், சுட்டதும் ஸ்கோப் துள்ளாது. குண்டு எங்கே விழுந்தது என்று நானே பார்த்துவிடலாம். தொலைதூரப் போட்டிக்காரர்கள் பிரேக்கை விடாமல் பிடித்திருப்பது இதற்காகத்தான். ஆனால் தகரக் கூரை போட்ட ரேஞ்சில் நான் சுட ஆரம்பித்ததும், பக்கத்து மேசைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சாமான்களை அள்ளிக்கொண்டு கடைசி மேசைக்குப் போய்விட்டார். கோபித்துக்கொள்ள முடியுமா? முன்னால் போக வேண்டிய வெடிப்பு முழுக்க அவர் முகத்தில் அல்லவா அறைந்தது! காதுக்குள் அடைப்பான், மேலே காதுமூடும் மஃப், இரண்டும் போட்டும் எனக்கே தலை கனத்தது.

நியூசிலாந்திலிருந்து:

அண்ணே, இங்கே சப்ரஸர், அதாவது குழல் நுனியில் மாட்டும் சத்தக் குறைப்பான், இல்லாத வேட்டை ரைஃபிளைப் பார்ப்பதுதான் அபூர்வம். துப்பாக்கி உரிமம் இருந்தால் போதும், சப்ரஸருக்குத் தனி அனுமதி வேண்டாம். என்னுடையது .308. தென்தீவு மலைகளில் சிவப்பு மான், அப்புறம் இமாலய வரையாடு. நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்தான். நூறு வருடத்துக்கும் முன்பு கொண்டுவந்து விட்டது பெருகி, இன்று மலைச் செடிகளை மேய்ந்து தீர்க்கிறது. முதலில் ஸ்கோப்பில் பார்த்தபோது ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி கொஞ்சம் தயங்கினேன்.

சரி, உதைக்கு வருகிறேன். சப்ரஸர் வாயுவை உள்ளறைகளில் சிக்கவைத்து, வேகம் தணித்து மெல்ல விடுகிறது. குழல் நுனியில் அரைக் கிலோ எடையும் சேர்வதால் வாய் மேலே எகிறுவதில்லை. கணக்குப் போட்டால் நல்ல பிரேக் அளவுக்கு உதை குறையாது. ஆனால் சுருக்கென்று குத்துவது நீண்ட தள்ளலாக மாறிவிடுகிறது.

என் அனுபவத்தில் தோளைவிட மனசுக்குத்தான் வித்தியாசம். சத்தத்துக்குப் பயந்துதான் பாதிப் பேர் ட்ரிகரை அழுத்தும்போது கண்ணை மூடுகிறார்கள். உதை என்று தோளைக் குற்றம் சொல்கிறார்கள். சப்ரஸர் போட்டால் அந்தத் திடுக்கிடல் போய்விடும், குறியும் தானாகத் திருந்தும். சினிமாவில் வரும் "புஸ்" சத்தத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 165 டெசிபல் 135 ஆகும், அவ்வளவுதான். ஒலியை மிஞ்சிப் பறக்கும் குண்டின் சவுக்கடிச் சத்தம் அப்படியே இருக்கும். மஃப்பும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. வேட்டையில் எவர் மஃப் போடுகிறார் என்பது வேறு கதை.

அரிசோனாவிலிருந்து:

இரண்டு பேரும் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன்காரர்கள், அதனால் தப்பித்தீர்கள். வாயுவின் விசையால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஏஆர்-15 ரைஃபிளில் சப்ரஸர் மாட்டிப் பாருங்கள். வாயு வெளியேறத் தாமதமாவதால் உள்ளே அழுத்தம் கூடி, போல்ட் வழக்கத்தைவிட வேகமாகப் பின்னால் வந்து அறைகிறது. உதை குறையும் என்று வாங்கினேன், துப்பாக்கி இன்னும் படபடத்தது. போதாததற்கு வெந்த வாயு கண்ணில் வேறு. பின்னால் வரும் போல்ட்டைத் தாங்கும் பஃபரைக் கனமாக மாற்றி, உள்ளே வரும் வாயுவின் அளவைச் சரிசெய்யக்கூடிய கேஸ் பிளாக் போட்ட பிறகுதான் அடங்கியது. பாலைவன மண்ணில் படுத்துச் சுட்டால் பிரேக்கைவிடச் சப்ரஸர் எவ்வளவோ மேல். பிரேக் கிளப்பும் புழுதியில் இலக்கே மறைந்துவிடும்.

மீண்டும் டெக்சாஸிலிருந்து:

நியூசிலாந்துத் தம்பியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. இங்கே 1934 முதல் சப்ரஸருக்கு 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி முதல் வரி இல்லை, ஆனால் பதிவும் விரல்ரேகையும் அப்படியே. விண்ணப்பம் போட்டிருக்கிறேன். குழலோடு இன்னும் ஒரு சாண் நீளம் சேர்ந்தால் பன்றிக் காட்டுப் புதருக்குள் திரும்புவதே பாடு. அதனால் குழலை 20 அங்குலமாக வெட்டும் யோசனை. வேகம் கொஞ்சம் குறையும், பன்றிக்கு அது போதும்.

நியூசிலாந்திலிருந்து:

வெட்டுங்கள் அண்ணே. வெட்டியபின் சப்ரஸரைத் திருகி மாட்டும் மரையை நல்ல கைகாரரிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். சப்ரஸரை மாட்டியதும், சுடுவதற்கு முன், குழல் வழியாக நேரான கம்பியை விட்டு நடுவில் வருகிறதா என்று பாருங்கள். ஓரம் தட்டினால் முதல் குண்டே உள்தடுப்பைக் கிழித்துவிடும். அப்புறம் ஸ்கோப்பைப் புதிதாகச் சரிபாருங்கள். மாட்டினால் குண்டு விழும் இடம் நகரும்.